ஃபைட்டர் மீனுக்கு எவ்வளவு சின்னத் தொட்டி வாங்கலாம்?

பாளையங்கோட்டையில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறீர்கள். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் ஆசைப்பட்டாள் என்று நீல நிற ஆண் ஃபைட்டர் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். கடையில் 2 லிட்டர் பிடிக்கிற உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தையும் கூடவே கொடுத்து, "இது காத்துல மூச்சு விடுற மீன் சார், இதுவே போதும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பத்து நாளில் மீன் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. இப்போது, படிப்பு மேசையில் வைக்கிற மாதிரி ஆகச் சின்னத் தொட்டி எது என்று கேட்கிறீர்கள். லிட்டர் கணக்கைக் கேட்பது போலத் தெரிந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு என்று எனக்குப் படுகிறது. தினமும் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருக்காமல், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து செத்த மீனைப் பார்க்கும்படி ஆகாமல், எதை வாங்கினால் நிம்மதியாக வளர்க்கலாம்? அதற்கே பதில் சொல்கிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி வாங்குங்கள். அதில் முக்கால் உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 30 லிட்டர் நிற்கும். மேசையில் அவ்வளவு இடம் இல்லையென்றால் 1 அடிக்கு 1 அடி சதுரத் தொட்டி. அதில் 20 லிட்டர் நிற்கும். அதற்குக் கீழே என்னிடம் யார் கேட்டாலும், "கொஞ்சம் பொறுத்து, இடம் ஒழிந்த பிறகு மீன் வாங்குங்க" என்றுதான் சொல்கிறேன். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்துவிட்டு, இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பக்கத்திலேயே வண்ண மீன் வளர்த்து, குஞ்சு எடுத்து விற்கிறேன். படித்ததும் பார்த்ததும் சேர்ந்து சொல்கிற பதில் இது.

காற்றில் மூச்சு விடும் என்று கடையில் சொன்னது பொய் இல்லை. ஃபைட்டரின் தலைக்குள், செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு உண்டு. மேலே வந்து வாயால் காற்றை எடுத்து அதில் வைத்துக்கொண்டு சுவாசிக்கும். நம் வாய்க்காலில் கிடக்கிற பனையேறிக் கெண்டைக்கும் அதே உறுப்புதான். அதனால்தான் அது பிடித்துப்போட்ட பிறகும் தரையில் வெகுநேரம் துள்ளுகிறது. ஆனால் இந்த உறுப்பு ஒரே ஒரு கஷ்டத்தைத்தான் தீர்க்கும்: தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் மீன் தப்பித்துக்கொள்ளும். தண்ணீரில் சேருகிற நஞ்சுக்கு அது எந்த வகையிலும் உதவாது. மீன் ஓயாமல் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. தின்னாமல் விட்ட தீனியும் கழிவும் அழுகி அதையேதான் உண்டாக்குகின்றன. 2 லிட்டர் கிண்ணத்தில் மீன் தன் கழிவிலேயே மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 லிட்டரில் அதே கழிவு பதினைந்தில் ஒரு பங்கு அடர்த்தியாகிவிடும்.

"தாய்லாந்தில் மாட்டுக் குளம்புப் பள்ளத்திலேயே வாழும் மீன்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதையும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இந்த மீனின் சொந்த ஊர் தாய்லாந்துதான். 2019-இல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. அங்கே இது வயலிலும் சதுப்பிலும் ஆழமில்லாத குட்டையிலும் வாழ்கிறது. பிசானப் பருவத்தில் நெல் நட்ட நம் வயலை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் கணுக்கால் அளவுதான், ஆனால் வரப்புக்கு வரப்பு எவ்வளவு அகலம்! செடி நிழல் இருக்கும், ஒதுங்க இடம் இருக்கும், மடை வழியாகப் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். கோடையில் வயல் வற்றும்போது பள்ளத்தில் மாட்டிக்கொண்டு சில நாள் உயிரைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. கடையில் கிண்ணம் கிண்ணமாக அடுக்கி வைத்திருப்பதும் அந்த மாதிரித்தான். ஆண் மீன்களை ஒன்றாக விட்டால் சண்டை போட்டுச் சாகும் என்பதற்காகச் செய்கிற தற்காலிக ஏற்பாடு. நெல்லையிலிருந்து சென்னைக்கு ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்தே போகிறோம், அதற்காக அந்த சீட்டிலேயே குடித்தனம் நடத்த முடியுமா? வயலை வைத்துத் தொட்டியின் வடிவத்தையும் புரிந்துகொள்ளலாம். இந்த மீனுக்கு உயரம் வேண்டாம், நீளம் வேண்டும். நீண்ட வால் சிறகைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே வர வேண்டும். ஒன்றரை அடி உயரக் குடுவை அதற்குப் பாரம். தண்ணீர் ஒரு சாண் ஆழம் இருந்தால் போதும்.

இனிச் சொல்லப்போவதை வேறு ஊர்க்காரர்கள் எழுதிய குறிப்புகளில் பார்க்க மாட்டீர்கள். அவர்கள் குளிர் நாட்டுக்கு எழுதுகிறார்கள். ஹீட்டர் வாங்கு என்பதே அவர்களுடைய முதல் அறிவுரை. நமக்குப் பிரச்சினை வெயில். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அவ்வளவாகக் கெடுதல் செய்யாது, மற்றது செவுளைப் பொசுக்கும். தண்ணீர் சூடாகச் சூடாக, காரத்தன்மை ஏற ஏற, கெடுதல் இல்லாதது நஞ்சாக மாறிக்கொண்டே போகும். காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7-இலிருந்து 8-க்குப் போனால் நஞ்சின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு. 28 டிகிரியிலிருந்து 34 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இது வேதியியல் கணக்கு, இதில் சந்தேகமே கிடையாது. நம் போர் தண்ணீர் பல இடங்களில் சுண்ணாம்புச் சத்து மிகுந்த உப்புத் தண்ணீர், காரம் அதிகம். மேலே மொட்டை மாடி காய்கிற அறை, உள்ளே போர் தண்ணீர் நிரப்பிய 2 லிட்டர் கிண்ணம் என்றால், வேறெங்கோ தாக்குப்பிடிக்கிற அதே கிண்ணம் இங்கே மீனைக் கொல்லும்.

ஒரு சித்திரை மாதம் நானே இதை அளந்து பார்த்தேன். என் வீட்டு மேற்குப் பக்க அறையில் ஜன்னலோரம் ஒரு 2 லிட்டர் ஜாடி, அதே அறையில் உள்சுவரை ஒட்டி ஒரு 40 லிட்டர் தொட்டி. இரண்டிலும் வெப்பமானி. காலை ஆறு மணிக்கு இரண்டும் 28 டிகிரி. மத்தியானம் மூன்று மணிக்கு ஜாடி 35-ஐத் தொட்டது, தொட்டி 31-ஐத் தாண்டவில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஜாடி மறுபடி 30-க்கு இறங்கிவிட்டது. ஒரே நாளில் இந்த ஏற்றமும் இறக்கமும். ஜாடியில் மீன் விடவில்லை, வெறும் தண்ணீர்தான். விட்டிருந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த பிறகு விட மனசு வரவில்லை. கல்லூரி விடுதியில் நான் முதன்முதலில் வளர்த்த சிவப்பு ஃபைட்டர் ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில்தான் இருந்தது. கோடை விடுமுறைக்கு முந்தைய வாரம் வாலைச் சுருக்கிக்கொண்டு அடியிலேயே கிடந்து செத்தது. அன்றைக்கு நோய் என்று நினைத்தேன்.

அதனால் ஹீட்டருக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். இந்த மீனுக்கு 26 முதல் 28 டிகிரி வரை உகந்தது. மார்கழி ராத்திரியில்கூட நெல்லையில் வீட்டுக்குள் தண்ணீர் இதற்கு ரொம்பக் கீழே இறங்குவதில்லை. மாஞ்சோலை மாதிரி மலைக்கு மேலே இருப்பவர்களுக்கும், ராத்திரி முழுக்க ஏசி ஓடுகிற அறையில் வைப்பவர்களுக்கும் மட்டும் வேறு கணக்கு. நீங்கள் யோசிக்க வேண்டியது தொட்டியை வைக்கும் இடம். மேற்குச் சுவர், ஜன்னலோரம், பிரிட்ஜ் மேல், டிவி பக்கம் நான்கும் வேண்டாம். தரைக்குப் பக்கத்தில் வைத்தால் மேலே வைப்பதைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாகவே இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் தண்ணீர் 32-ஐத் தாண்டினால் ஒரு டேபிள் ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பு மேல் காற்றடிக்கிற மாதிரி வையுங்கள். ஆவியாகிப் போகிற தண்ணீர் 2, 3 டிகிரி சூட்டைக் கூடவே கொண்டுபோகும். ஐஸ் கட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், திடீர்க் குளிர் சூட்டைவிடக் கெடுதல்.

தண்ணீர் விஷயத்தில் பாளையங்கோட்டைக்காரர்களுக்குக் கொடுப்பினை உண்டு. பொதிகையிலிருந்து வருகிற தாமிரபரணித் தண்ணீர் உப்பு குறைந்த தண்ணீர், ஃபைட்டருக்கு அருமையாகப் பொருந்தும். குழாயில் குளோரின் போட்டு வருகிறது, அது ஒன்றுதான் எச்சரிக்கை. வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் கடையில் 'ஆன்டி குளோரின்' என்று விற்கிற சொட்டு மருந்தை விடலாம். உங்கள் மாடிக் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீரா, போர் தண்ணீரா, இரண்டும் கலந்ததா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பாத்திரம் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதென்றால் போர் தண்ணீர். அதிலும் ஃபைட்டர் பழகிக்கொள்ளும். நானே வள்ளியூர்ப் பக்கத்துக்காரர்களுக்குக் கொடுத்திருக்கிறேன், நன்றாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே பெரிய தொட்டிதான், பேச்சே இல்லை. சுத்தமாக இருக்கிறதே என்று வெறும் ஆர்ஓ தண்ணீரை நிரப்பாதீர்கள். அதில் தாது உப்பு மிகக் குறைவு, பிஎச் நிலையாக நிற்காது. ஆவியாகிக் குறைந்ததை ஈடுகட்ட மட்டும் ஆர்ஓ தண்ணீர் நல்லது. ஆவியாகும்போது தண்ணீர் போகும், உப்பு அங்கேயே நிற்கும். அதன் மேல் மறுபடியும் உப்புத் தண்ணீரை ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு ஏறும்.

தொட்டியைக் கடையில் ரெடிமேடாகவும் வாங்கலாம், கண்ணாடிக் கடையில் அளவு சொல்லி ஒட்டியும் வாங்கலாம். ஒன்றரை அடித் தொட்டிக்கு 5 மில்லிமீட்டர் கண்ணாடி. ஓரத்தை மழுங்கத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், பிள்ளை கை வைக்கிற இடம். ஒட்டுகிற சிலிகான் மீன் தொட்டிக்கானதாக இருக்க வேண்டும். குளியலறைக்கு அடிக்கிற, பூஞ்சை பிடிக்காத சிலிகானில் மருந்து கலந்திருக்கும், அது மீனுக்கு ஆகாது. ஒட்டி மூன்று நாள் காயவிட்டு, பிறகு முற்றத்திலோ குளியலறையிலோ ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்து ஒழுகுகிறதா பாருங்கள். கீழே அரை இஞ்சு தெர்மாகோல் அட்டை கட்டாயம், மேசை மேடுபள்ளமாக இருந்தால் அடிக்கண்ணாடி விரிசல் விடும். நிரப்பிய தொட்டி மணலோடு சேர்த்து 40 கிலோவைத் தாண்டும். ஒன்றரைச் சிப்பம் அரிசியை எப்போதும் சுமந்துகொண்டு நிற்க உங்கள் படிப்பு மேசைக்குக் கால் பலம் இருக்கிறதா என்று பாருங்கள். மடக்கு மேசை என்றால் வேண்டாம்.

ஃபில்டர் வேண்டுமா என்றால், வேண்டும். ஆனால் பெரிய மோட்டார் வைத்தது வேண்டாம், நீண்ட வால் மீன் ஓட்டத்தை எதிர்த்து நீந்தியே களைத்துப்போகும். ஒரு சின்ன ஏர் பம்பும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போதும். ஸ்பாஞ்சின் வேலை அழுக்கை வடிகட்டுவது மட்டும் இல்லை. அதன் ஓட்டைகளில் குடியேறுகிற பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டைக் கெடுதல் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் நிலைகொள்ள 4 முதல் 6 வாரம் ஆகும். புதிதாக வாங்குகிறவர்களின் மீன் செத்துப்போவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அதில் ஓடிக்கொண்டிருக்கிற ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் போடுங்கள். இதற்கு ஈடாக எந்த மருந்துப் பாட்டிலையும் நான் பார்த்ததில்லை. ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் குளோரின் அந்தக் கூட்டத்தைக் கொன்றுவிடும். தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும். கரண்ட் போனால் பதற வேண்டாம். ஒருநாள் ராத்திரி பம்ப் நின்ற அமைதியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் இலையை விட்டு மெதுவாக எழும்பி வந்தது, தண்ணீர்த் தோலை மூக்கால் தொட்டது, சின்னதாக ஒரு 'டிக்' சத்தம், ஒரு குமிழி, பிறகு இறங்கி மறுபடி இலையில் சாய்ந்துகொண்டது. காற்றில் மூச்சு விடுகிற வரம் அதற்குப் பயன்படுகிற நேரம் அதுதான்.

இதெல்லாம் இருந்தால் வேலை எவ்வளவு? வாரம் ஒரு தடவை அரைக் குடத்துக்குக் கொஞ்சம் கூடத் தண்ணீர் எடுத்துவிட்டு, ஒரு நாள் திறந்து ஆற வைத்த தண்ணீரை அதே அளவு மெதுவாக ஊற்ற வேண்டும். பத்து நிமிஷம். உங்கள் மகளே செய்துவிடுவாள். 2 லிட்டர் கிண்ணத்துக்கோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்ற வேண்டும், ஒரு கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் தங்கி வர முடியாது.

மூடி இல்லாமல் விடாதீர்கள். ஃபைட்டர் துள்ளும், காலையில் தரையில் காய்ந்து கிடந்த மீனைப் பற்றி வருஷத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் வந்து சொல்கிறார்கள். காற்றுப் போகிற மாதிரி கொசுவலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிப் போட்டால் போதும், பல்லியும் விழாது. மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். தொட்டியின் பின்பக்கத்தில் அடர் நிறத் தாள் ஒட்டிவிடுங்கள், கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்து நாள் முழுக்கச் சிலிர்த்துக்கொண்டு நிற்பது குறையும். பிளாஸ்டிக் செடி வைக்க நினைத்தால் பழைய நைலான் துணியை அதன் மேல் இழுத்துப் பாருங்கள், நூல் மாட்டினால் வாலும் கிழியும். கூட இன்னொரு ஃபைட்டர் வேண்டாம், பெண் மீனும் வேண்டாம், வால் பெரிய கப்பி மீனும் வேண்டாம்.

இதுவரை சொன்னதில் அம்மோனியா, சூடு, குளோரின், மூடி நான்கும் உறுதியானவை. 20 லிட்டர் என்ற எண் அப்படி இல்லை. அது கோடு போட்டு நிரூபித்த எல்லை இல்லை, நிறையப் பேர் நிறைய வருஷம் வளர்த்துப் பார்த்து வந்து நின்ற இடம். 10 லிட்டரில் நான்கு வருஷம் வளர்த்தவரை எனக்குத் தெரியும். அவர் ஒரு வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுகிறவர், வீடும் ஆற்றங்கரைத் தோப்புக்குள் இருக்கிறது. அந்த ஒழுங்கும் அந்த நிழலும் எல்லோருக்கும் வாய்க்காது. பலரும் தொட்டியில் போடச் சொல்கிற பாதாம் மர இலையும் அப்படித்தான். பள்ளிக்கூட வளாகத்தில் உதிர்ந்து கிடக்கிற காய்ந்த பழுப்பு இலையைக் கழுவிப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும், மீன் அந்த இருட்டில் அமைதியாக இருக்கும். இது நான் கண்டது. ஆனால் அது நோயைக் குணமாக்கும் என்று சொல்வதை நான் நம்பி நடப்பதில்லை, மருந்தோடு சேர்த்துப் போட்டுப் பிழைத்த மீனைக் காட்டித்தான் பலரும் அப்படிச் சொல்கிறார்கள். உப்புத் தண்ணீரில் அது பிஎச் அளவையும் பெரிதாக இறக்காது.

உங்கள் மீன் அடியில் படுப்பதற்கு நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து நோய்ப் பெயர் சொல்வது சரியாக இருக்காது. அம்மோனியாவாக இருக்கலாம், சூடாக இருக்கலாம், வயிற்றுக் கோளாறாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் புதுத் தொட்டி வரும்வரை தினமும் கிண்ணத்தில் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள், அதே சூட்டில் இருக்கிற ஆற வைத்த தண்ணீரால். தீனியை ஒரு வேளையாக்கி, மூன்று நான்கு தீனி உருண்டைக்கு மேல் போடாதீர்கள். மருந்து எதையும் இப்போது ஊற்ற வேண்டாம். உடம்பில் வெள்ளைப் புள்ளியோ, தங்கத் தூள் தூவினது போலவோ, செதில் பலாப்பழத் தோல் மாதிரி சிலிர்த்தோ இருந்தால் மட்டும் தெளிவான படம் ஒன்று எடுத்து அனுப்புங்கள்.

தொட்டி தயாரானதும் ஒரு சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு மாற்றுங்கள். மீனை அதன் பழைய தண்ணீரோடு ஒரு பாலித்தீன் பையில் எடுத்து, அரை மணி நேரம் புதுத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். நடுநடுவே ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அரை டம்ளர் புதுத் தண்ணீரைப் பைக்குள் ஊற்றச் சொல்லி மகளிடம் கொடுங்கள். பிறகு கரண்டி வலையால் மீனை மட்டும் எடுத்து விட்டுவிட்டு, பைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். அன்று ராத்திரி தீனி வேண்டாம். அடுத்த நான்கு முதல் ஆறு வாரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். அதன் பிறகு வாரம் ஒரு முறை போதும்.